நதிமூலம் பார்க்கத்தான் வேண்டும்

குறுக்குத்துறைப் படித்துறையில் காலை வேளையில் குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் இறங்குகிற வரையில் ஏதோ ரயிலுக்குப் போகிறவர்களைப் போல வேக வேகமாக வருவார்கள். இறங்கிவிட்டாலோ, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டே உலகத்து விவகாரம் அத்தனையையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் கரையேறுவார்கள். ஒரு கோடைக் காலத்தில் அப்படிப்பட்ட சபை ஒன்றில் நானும் நின்றிருந்தேன். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், முழங்காலுக்குச் சற்று மேலே மட்டும் நனைத்துக்கொண்டிருந்த தாமிரவருணியைப் பார்த்து, "தண்ணி ரொம்பத்தான் கொறஞ்சு போச்சு, தம்பி" என்று வருத்தப்பட்டார்.

"மேலே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தால் காரணம் தெரியும், அண்ணாச்சி" என்றேன்.

"மேலேன்னா?"

"மலையிலேதான்."

அவர் ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்புளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கப்படாதும்பாங்க. நமக்கு எதுக்குவே அந்த வேலை? வந்தோமா, குளிச்சோமா, போனோமான்னு இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பழமொழி ஒன்றைப் போட்டு அடித்துவிட்டால் நம் ஊரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் ஈரத் துண்டோடு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அப்பீலைத்தான் இப்போது இங்கே தாக்கல் செய்கிறேன்.

பழமொழியைச் சொன்னவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரிஷி எந்தக் குலத்தில் பிறந்தார் என்று துருவிக்கொண்டிராதே, அவருடைய தவத்தையும் ஞானத்தையும் பார் என்பது நல்ல வார்த்தைதான். இன்றைக்கும் நம்மில் பலருக்கு அதைக் காதில் ஓத வேண்டியிருக்கிறது. அந்த மரியாதையை நதிக்கும் கொடுத்தார்கள். எங்கோ ஒரு பாறையிடுக்கில் கட்டைவிரல் கனத்துக்குக் கசிகிறதே, இதுவா இவ்வளவு பெரிய ஆறு என்று இளப்பமாக நினைத்துவிடாதே என்பதற்காக. ஆனால் மரியாதைக்காகச் சொன்னதை நாம் சோம்பலுக்கு உபயோகப்படுத்திக்கொண்டுவிட்டோம். ரிஷிமூலத்தை விடாமல் விசாரிக்கிறோம். நதிமூலத்தை மட்டும் விசாரிக்க மாட்டோம் என்கிறோம். இரண்டையும் நேர்மாறாகச் செய்திருந்தால் நாடு எவ்வளவோ உருப்பட்டிருக்கும்.

அதிலும் தாமிரவருணிக்காரர்கள் இந்தப் பழமொழியைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. ரிஷிமூலமும் நதிமூலமும் ஒரே மலையில் இருப்பது இங்கேதான். பொதிகை மலை அகத்தியருடைய மலை. அகத்தியர்கூடம் என்ற அந்தச் சிகரம் 1,868 மீட்டர் உயரம். சிகரம் கேரள எல்லைக்குள் இருக்கிறது. அதன் கிழக்குச் சரிவுகளில் விழுகிற மழைதான் நமக்கு ஆறு. பெரிய பொதிகையில் பூங்குளம் என்ற இடத்தைக் காட்டி, இதுதான் தாமிரவருணி பிறக்கிற இடம் என்று சொல்வது வழக்கம். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு பெயரை எழுதிப் பையன்களை மனப்பாடம் செய்ய வைத்தால் பரீட்சைக்குப் போதும். ஆற்றைப் புரிந்துகொள்வதற்கு அது போதாது.

நதிமூலம் என்பது ஒரு புள்ளி என்று நினைக்கிறோமே, அங்கேதான் முதல் தவறு. ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை விசாரிக்கிறவன் தாத்தா ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொண்டதோடு நின்றுவிடுவானா? பாட்டிகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் யாரைக் கொண்டார்கள், கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும்தான் கேட்பான். ஆறும் அப்படித்தான். பூங்குளத்து நீர் இறங்கி வரும்போதே பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு என்று பல ஓடைகள் அதில் சேர்ந்துவிடுகின்றன. பாணதீர்த்தம் அருவியைத் தாண்டி அணைக்குள் வந்த பிறகு சேர்வலாறு வருகிறது. பாபநாசத்துக்குக் கீழே சமவெளியில் மணிமுத்தாறு வந்து சேர்கிறது. திருப்புடைமருதூரில் கடனாநதி, தன்னோடு ராமநதியையும் ஜம்புநதியையும் அழைத்துக்கொண்டு வருகிறது. களக்காட்டு மலையிலிருந்து பச்சையாறு. குற்றாலத்தில் விழுந்து நம் தலையையெல்லாம் நனைத்துவிட்டு வருகிற சிற்றாறு சீவலப்பேரியில். இவை அத்தனைக்கும் தாய்வீடு ஒரே மலைத்தொடர்தான். தெற்கே களக்காட்டிலிருந்து வடக்கே குற்றாலத்துக்கு அப்பால் வரை அந்த மலையின் கிழக்குச் சரிவு முழுவதும் நதிமூலம்தான். எஞ்சினீயர்கள் இதை நீர்ப்பிடிப்புப் பிரதேசம் என்கிறார்கள். எந்த நிலத்தில் விழுந்த மழை கடைசியில் இந்த ஆற்றுக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் அந்தப் பிரதேசம்.

அந்தப் பிரதேசத்துக்கு மேற்கெல்லை எது தெரியுமா? மலையின் முதுகு. வீட்டுக் கூரையில் மோட்டோடு இருக்கிறதல்லவா? அதன் மேல் விழுகிற மழை முற்றத்துப் பக்கம் பாதியும் தெருப் பக்கம் பாதியுமாகப் பிரிந்து ஓடுகிற மாதிரி, மலை முகட்டில் விழுகிற மழையும் பிரிகிறது. அகத்தியர் மலையில் மேற்கே வழிகிற நீர் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் திருவனந்தபுரத்துச் சீமைக்குப் போய் அரபிக் கடலில் விழுகிறது. கிழக்கே வழிவது தாமிரவருணியாகி, 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. பக்கத்தில் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகளுக்கு இரண்டு கடல்கள். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறிப் போகிற மலைப்பாதை அதற்கப்பால் கோதையாற்றுப் பக்கம் இறங்கும்போது, வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமலே ஒரு கடலின் ராஜ்யத்திலிருந்து இன்னொரு கடலின் ராஜ்யத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு சங்கதி நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலையில் நடக்கிறது. நாமோ அதைப் பார்க்கக் கூடாது என்று பழமொழி வைத்திருக்கிறோம்!

தாமிரவருணியை 'வற்றாத ஜீவநதி' என்று சொல்லாத மேடைப் பிரசங்கம் திருநெல்வேலியில் கிடையாது. ஏன் வற்றவில்லை என்று கேட்ட பிரசங்கியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கங்கைக்குப் பனி உருகி வருகிறது. பொதிகையில் பனிமலை இல்லை. பின்னே சித்திரை மாதத்தில் ஆற்றில் ஓடுவது எது? அது சித்திரை மாதத்துத் தண்ணீர் அல்ல. போன ஆடியிலும் போன ஐப்பசியிலும் பெய்தது.

இந்த மலைக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்கே மோதி, முகட்டைத் தாண்டி நம் பக்கமும் சாரலாக வழிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று நேராகவே வந்து கொட்டுகிறது. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களைச் சேர்ந்தவை. கீழே சமவெளியிலோ, முதல் மழைக்கு மலை குறுக்கே நின்றுவிடுவதால், வெறும் காற்றுதான். ஆனாலும் திருநெல்வேலி வயல்களில் இரண்டு போகம் விளைகிறது. கார் சாகுபடி தென்மேற்கின் பயிர். பிசானம் வடகிழக்கின் பயிர். கார் அறுக்கிற சம்சாரியின் வயலில் மழை பெய்யாவிட்டாலும் அவனுக்காக மலையில் பெய்கிறது.

பெய்தால் மட்டும் போதாது. பெய்ததைப் பிடித்து வைக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் அந்தக் காலத்தில் குலுக்கை இருந்தது. அறுப்பு முடிந்ததும் நெல்லை அதில் கொட்டி மூடிவிடுவார்கள். வீட்டுப் பெரியவள் அதிலிருந்து நாளுக்கு இத்தனை படி என்று அளந்து எடுத்து அடுத்த அறுப்பு வரை குடும்பத்தை நடத்திவிடுவாள். மலைக்காடு அப்படிப்பட்ட ஒரு பெரியவள். மழை அங்கே நேராக மண்ணில் அறைவதில்லை. உயர்ந்த மரத்தின் இலையில் விழுந்து, அதற்குக் கீழே நிற்கும் மரத்தில் சொட்டி, புதரிலும் செடியிலும் வழிந்து, காலங்காலமாகச் சேர்ந்த சருகு மெத்தையில் இறங்குகிறது. சருகு அதைக் குடித்து, வேர்கள் போட்டுவைத்த வழிகளில் மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கிருந்து நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊறி ஊறி ஓடைக்கு வருகிறது. ஜீவநதி என்கிறோமே, அந்த ஜீவன் இதுதான். சருகு மெத்தையை எடுத்துவிட்டால் அதே மழைதான் பெய்யும், அதே அளவுதான் பெய்யும். ஆனால் பத்து நாள் வெள்ளமும் பத்து மாதம் மணலுமாக ஆறு ஓடும்.

அணைக்கட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லுவான். காலைப் பத்திரிகையில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலர் காப்பியே குடிக்கிறார்கள். அணை என்பது பானை. பானையில் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் எட்டிப் பார்க்கிறோம். பானைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டோமா? அவள் இளைத்துப் போனால் பானையைப் பெரிதாக்கி என்ன பிரயோஜனம்? மேலும், காடு போன சரிவிலிருந்து தண்ணீர் தனியாக வருவதில்லை. மண்ணையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த மண் பானைக்குள்தான் உட்காரும்.

பழைய காலத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா, அவர்கள்தானே பழமொழியைச் சொன்னார்கள் என்று கேட்கலாம். அவர்கள் காரியத்தைப் பாருங்கள். இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்கள் கட்டியது; மற்ற ஏழும் அவர்களுக்கு முற்பட்டவை. இவற்றின் கால்வாய்களில் சுமார் 86,000 ஏக்கர் பாய்கிறது. வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டு போகிற கால்வாய்கள் இவை. ஆற்றை முழுவதும் மறித்துவிடாமல், மேலே இருப்பவன் எடுத்தது போகக் கீழே இருப்பவனுக்கும் மிச்சம் போகும்படி படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் மலையைப் போய்ப் பார்க்காமலிருந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. மலை அப்போது மலையாகவே இருந்தது. காணிக்காரர்கள் அங்கே வாழ்ந்தார்கள். கிழங்கு தோண்டினார்கள், தேன் எடுத்தார்கள். காட்டை ஒழித்துவிடக்கூடிய கையோ கருவியோ அவர்களிடம் இல்லை, ஆசையும் இல்லை. வீட்டில் பெரியவள் நல்ல திடகாத்திரமாக இருக்கிறபோது குலுக்கையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

மலை மலையாக இருந்த காலம் முடிந்தது. 1929-ஆம் வருஷம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை ஒரு பம்பாய்க் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படித்தான் உண்டாயின. 1944-ல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1958-ல் மணிமுத்தாறு அணை வந்தது. வானம் பார்த்துக் கிடந்த பூமி கொஞ்சம் பசுமை கண்டது. இவற்றையெல்லாம் செய்திருக்கக் கூடாது என்று சொல்கிற கட்சி என்னுடையதல்ல. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் ஒரு டம்ளர் தேநீரும் குடித்தாயிற்று. நான் சொல்வது, 1929-க்குப் பிறகு பழைய பழமொழிக்கு அர்த்தம் போய்விட்டது என்பதுதான். மலையில் கை வைத்த அன்றைக்கே மலையைப் பார்க்க வேண்டிய கடமையும் நமக்கு வந்துவிட்டது. கை வைப்பதை மட்டும் செய்தோம்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள், "அடேயப்பா, என்ன பச்சை! கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது" என்கிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் ஒரே செடியை இடுப்பளவில் கத்தரித்து மலை முழுவதும் விரித்த பச்சை வேறு. மரமும் கொடியும் புதரும் சருகுமாக அடுக்கடுக்காக நிற்கிற பச்சை வேறு. முன்னதில் மழை நீர் வேரில் தங்கி அழுகல் உண்டாக்காமல் சீக்கிரம் வடிந்துபோகும்படி காண் வெட்டியிருப்பார்கள். பின்னதில் நீர் சீக்கிரம் போகாதபடி ஒவ்வொரு வேரும் மறித்துக்கொண்டு நிற்கும். ஒன்று மழையை அனுப்பி வைக்கிற பச்சை. மற்றது இருத்தி வைக்கிற பச்சை. ஆற்றுக்கு வேண்டியது இரண்டாவது.

இதைச் சொன்னவுடனே பழியைத் தூக்கித் தோட்டத் தொழிலாளி தலையில் போட்டுவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாளை ஞாபகப்படுத்த வேண்டும். 1999-ஆம் வருஷம் ஜூலை 23. கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஓர் ஊர்வலம் போயிற்று. போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கிய ஜனங்களில் 17 பேர் மாண்டார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நாங்கள் நின்று பழமொழி பேசிய படித்துறையிலிருந்து அந்த இடம் அதிக தூரமில்லை. மலையில் மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டு இலை கிள்ளியவர்களுக்கு, தங்கள் மலையிலிருந்து இறங்கிவந்த தண்ணீரிலேயே முடிவு நேர்ந்தது. நதிமூலம் பார்க்க மாட்டேன் என்கிறவன் இந்த மனிதர்களையும் பார்க்க மாட்டேன் என்றுதான் சொல்கிறான். மலையை நாம் பார்த்துக்கொண்டிருந்தோமானால், அங்கே யாருக்கு என்ன கூலி, யாருக்கு என்ன வீடு என்பதும் நம் கண்ணில் பட்டிருக்கும்.

குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், தோட்டத்தை விட்டுவிடக் கம்பெனி முடிவு செய்து, தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லிக் கணக்கு முடித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு விருப்பம் என்ன, ஓய்வு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலை நின்ற இடத்தில் மறுபடியும் காடு நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காட்டினால் லாபம் யாருக்கு? கீழே வயல் வைத்திருப்பவனுக்கு; குழாயைத் திறந்து குடிக்கிற திருநெல்வேலிக்காரனுக்கும் தூத்துக்குடிக்காரனுக்கும்; ஆற்றுத் தண்ணீரில் நடக்கிற ஆலைகளுக்கு. அப்படியானால் மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு வீடும் நிலமும் பிழைப்பும் தருகிற கடன் நம் எல்லோருடையதுமாகும். நமக்குத் தண்ணீர் வேண்டும், அதற்கு அவன் தெருவில் நிற்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வனப் பாதுகாப்பு அல்ல. அந்த மலையில் எங்கே ஊற்று இருந்தது, எங்கே எந்த மரம் நின்றது என்று அவனைப் போலவும் காணிக்காரனைப் போலவும் அறிந்தவர்கள் வேறு யார்? காட்டைத் திரும்ப வளர்க்கிற வேலைக்கு முதலில் கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள்தானே!

"சர்க்கார் பார்த்துக்கொள்கிறது, அதுதான் புலிகள் சரணாலயம் இருக்கிறதே" என்று சமாதானம் சொல்கிற நண்பர்கள் உண்டு. இருக்கிறது, அதற்காக நான் நன்றியே சொல்கிறேன். 1988-ல் களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் முதலாவது அது. புலிக்காக வேலி போட்டது நமக்கு நதியாக லாபமாயிற்று. ஆனால் புலியின் எல்லையும் நதியின் எல்லையும் ஒன்றல்ல. சிற்றாற்றின் மலையும் கடனாநதியின் அடிவாரமும் சமவெளிக் குளங்களும் புலிக்குச் சம்பந்தமில்லாதவை, ஆற்றுக்குச் சம்பந்தமுள்ளவை. மலைக்கு வனத்துறை, அணைக்கு நீர்வளத்துறை, மின்சாரத்துக்கு மின்வாரியம், கோயிலுக்கு அறநிலையத்துறை, குழாய்க்குக் குடிநீர் வாரியம். நிலத்தைப் பார்த்தால், 1986-ல் தூத்துக்குடி தனி ஜில்லா ஆயிற்று, 2019-ல் தென்காசி. ஆக ஓர் ஆற்றுக்கு மூன்று கலெக்டர்கள். உயிர் ஒன்று, அதன் தலைக்கு ஒரு வைத்தியர், வயிற்றுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். மூன்று வைத்தியரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுகிறார்களா என்று நோயாளியின் பந்துக்கள் கூடக் கேட்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். காவிரி என்றால் கர்நாடகத்தைத் திட்டலாம். பெரியாறு என்றால் கேரளத்தோடு சண்டை போடலாம். சண்டை போடுவதில் நமக்குச் சலிப்பே கிடையாது. தாமிரவருணி ஊற்றிலிருந்து கடல் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. மேலே இருப்பவனும் நாம்தான்; கீழே இருப்பவனும் நாம்தான். திட்டுவதற்கு ஆள் இல்லாததனால்தானோ என்னவோ, இந்த ஆற்றின் தலைப்பக்கம் நமக்கு மறந்தே போய்விட்டது. மணல் அள்ளினார்கள், நல்லகண்ணு அவர்கள் வழக்குப் போட்டு, 2010-ல் மதுரை ஐகோர்ட்டுக் கிளை தடை விதித்தது. குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கிளர்ச்சி நடந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் பாருங்கள், நம் வழக்கெல்லாம் வந்த தண்ணீரை யார் எடுப்பது என்பதைப் பற்றியே இருக்கிறது. தண்ணீர் எப்படி வருகிறது என்பதற்காக ஒரு கொடி எழும்பி நான் பார்த்ததில்லை.

பக்தியிலும் இதே கதைதான். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் நடந்தது. 144 வருஷத்துக்கு ஒரு முறை என்று லட்சக்கணக்கானவர்கள் வந்து முங்கினார்கள். ஆற்றுக்கு ஆரத்தி காட்டினார்கள். ஆரத்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாபநாசத்தில் பாவத்தைத் தொலைக்கிறேன் என்று உடுத்த துணியை ஆற்றிலேயே அவிழ்த்து விட்டுப் போகிறார்களே, அது யாருடைய பாவமாகிறது? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடக் காரையாற்றுக் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்குகிறோம். எத்தனையோ பேருக்கு அவர் குலதெய்வம். காட்டைக் காக்கிற அய்யனாருக்கு நாம் விட்டுவருகிற காணிக்கை பிளாஸ்டிக் பையாக இருக்கலாமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைக் காட்டி, "தண்ணீர் குறைவு என்கிறீரே, இதோ ஊரையே அடித்துக்கொண்டு போயிற்றே" என்று என்னை மடக்கப் பார்த்தவரும் உண்டு. நேர்மையாகவே பதில் சொல்கிறேன். மலைக்காடு குறைந்ததனால்தான் அந்த வெள்ளம் என்று நான் வாதாட மாட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பெய்தால் எந்தக் காடும் முழுவதையும் குடித்துவிடாது. அதிலும் அந்த மழை கடலோரத்திலேயே கொட்டியது. ஆனால் அந்த வெள்ளம் ஒன்றை நமக்குக் கற்பித்தது. நீர்ப்பிடிப்புப் பிரதேசம் மலையோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு குளமும், குளத்துக்கு வருகிற ஓடையும், மறுகால் பாய்கிற பள்ளமும் அதைச் சேர்ந்ததுதான். குளங்கள் உடைந்து, ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளோடு ஒரு ரயில் வண்டி நடுவெள்ளத்தில் நின்றபோது, பூகோள வரைபடத்தில் நாம் அழித்துவிட்ட கோடுகளையெல்லாம் தண்ணீர் தானே திரும்ப வரைந்து காட்டியது. தண்ணீருக்குத் தன் மூலமும் ஞாபகம் இருக்கிறது, வழியும் ஞாபகம் இருக்கிறது. மறந்தவர்கள் நாம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நான் கதை எழுதுகிறவன். திட்டம் போடுகிற உத்தியோகஸ்தன் அல்ல. ஆனாலும் சாதாரண புத்திக்கு எட்டுகிற சிலவற்றைச் சொல்லலாம். மலை முகட்டிலிருந்து புன்னைக்காயல் வரை இந்த ஆற்றை ஒரே உயிராகப் பார்க்கிற ஒரு சபை வேண்டும். அதில் வனத்துறையும் சம்சாரியும் காணிக்காரரும் நகரசபையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தண்ணீரை மொத்தமாக வாங்குகிற ஆலைகள், அதைப் பிடித்து வைக்கிற காட்டுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். குளத்தையும் ஓடையையும் ஆற்றின் உறுப்பாகவே கணக்கெழுத வேண்டும். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் 3,200 வருஷத்துப் பழையது என்று 2021-ல் கேட்டுப் பெருமைப்பட்டோமே, அந்த நெல்லை விளைவித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, வருஷத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போய் அடிவாரத்திலிருந்தாவது காட்ட வேண்டும். பொருநை நாகரிகம் என்பது மண்ணுக்குள் புதைந்த சாமான் மாத்திரம் அல்ல. மலையில் இப்போது சருகுக்கடியில் ஊறிக்கொண்டிருக்கிற ஈரமும் அதைச் சேர்ந்ததுதான்.

இந்த வாதங்களையெல்லாம் இரண்டு மூன்று நாள் காலையில், தவணை முறையில், அதே படித்துறையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டார். கடைசி நாள் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தார். கட்டடங்களுக்கு மேலே பொதிகை நீலமாகத் தெரிந்தது. முகட்டில் மேகம் உட்கார்ந்திருந்தது.

"சொரிமுத்தையன் கோயிலுக்கு வருஷா வருஷம் போயிட்டுத்தான் இருக்கேன், தம்பி. பொங்கல் வைப்போம், சாப்பிடுவோம், வந்திருவோம். அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்ல பாரும்" என்றார்.

அடுத்த ஆடிக்குப் போகும்போது பார்க்கிறேன் என்றும் சொன்னார். என் அப்பீலுக்கு இதுவரை கிடைத்திருக்கிற தீர்ப்பு இவ்வளவுதான். மற்ற நீதிபதிகளும் ஒரு தரம் மேற்கே நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் தீர்ப்பைச் சொல்லட்டும்.